எஸ்டிசிசி கம்பைலர்: உரிமம் எங்கே இடறுகிறது?

8051, இசட்80, எஸ்டிஎம்8 மாதிரி சின்ன சிப்புகளுக்குக் காசில்லாத சி கம்பைலர் (சி மொழி நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளையாக மாற்றும் மென்பொருள்) என்றால் எஸ்டிசிசி. கம்பைலராக அது உழைக்கிறது, குறையில்லை. நீண்ட நாள் பயன்பாட்டில் தலைவலி தருவது உரிமம்தான். ‘ஜிபிஎல்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது.

கம்பைலரின் மூலநிரல் ஜிபிஎல் (நிரலைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூலத்தையும் திறந்து கொடுக்கச் சொல்லும் உரிமம்). அதனால் உங்கள் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றும் உங்கள் நிரல்) ஜிபிஎல் ஆகிவிடாது. பார்க்க வேண்டியது லைப்ரரியை, அதாவது கம்பைலரோடு வரும் ஆயத்த நிரல்துண்டுகளை. 8051-க்கு 32 பிட் வகுத்தல் கட்டளை கிடையாது. இரண்டு அன்சைன்டு லாங் எண்களை வகுத்தால், கம்பைலர் சத்தமில்லாமல் ‘டிவ்யூலாங்’ ரொட்டீனைக் கூப்பிடும். அது சிப்பில் ஏற்றும் ஹெக்ஸ் கோப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும், விற்கிற ஒவ்வொரு போர்டிலும் இருக்கும். இதற்காகத்தான் லைப்ரரிகளின் ஜிபிஎல்லோடு ஒரு இணைப்பு விலக்கும் சேர்த்திருக்கிறார்கள்: லைப்ரரியை லிங்க் செய்ததாலேயே (உங்கள் நிரலோடு சேர்த்ததாலேயே) உங்கள் நிரலைத் திறந்து காட்ட வேண்டியதில்லை.

நம்பிக்கையை விட மேப் கோப்பு மேல். லிங்க் முடிந்ததும் அதைத் திறந்தால், எந்த லைப்ரரியிலிருந்து எந்த மாட்யூல் உள்ளே வந்தது என்ற பட்டியல் கிடைக்கும். அந்தப் பெயர்களை மூலநிரலின் ‘டிவைஸ்/லிப்’ அடைவில் தேடி, ஒவ்வொரு கோப்பின் தலைக்குறிப்பிலும் விலக்கு வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன புராஜெக்டில் பத்துப் பதினைந்து கோப்புகளைத் தாண்டுவது அபூர்வம்.

மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக் சிப்புகள் பக்கம் வந்தால் கதை வேறு. (எஸ்டிசிசியில் ஒவ்வொரு சிப் குடும்பத்துக்குமான பகுதிக்குப் பெயர் ‘போர்ட்’. பிக்18 சிப்புக்கு ‘பிக்16’ போர்ட், பிக்16 சிப்புக்கு ‘பிக்14’ போர்ட், கட்டளையின் பிட் நீளத்தை வைத்து வைத்த பெயர். புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.) இவற்றின் ஹெடர்களும் (சிப்பின் விவரம் சொல்லும் கோப்புகள்) டிவைஸ் லைப்ரரிகளும் மைக்ரோசிப்பின் கோப்புகளிலிருந்து எடுத்தவை. அசல் மைக்ரோசிப் சிப்பில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் நிபந்தனை. ஜிபிஎல் இப்படிக் கூடுதல் கட்டுப்பாட்டை ஏற்காது. அதனால் அவை ‘நான்-ஃப்ரீ’ என்ற தனி அடைவில் இருக்கின்றன. ‘யூஸ்-நான்-ஃப்ரீ’ ஆப்ஷனைக் கொடுத்தால்தான் கம்பைலர் அங்கே எட்டிப் பார்க்கும். கொடுக்காவிட்டால் ஹெடர் கிடைக்கவில்லை என்ற பிழைதான் வரும். பலர் இன்ஸ்டால் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி நிறுவுகிறார்கள்.

மேக்ஃபைலில் (நிரலைக் கட்டும் கட்டளைகள் எழுதிய கோப்பு) அந்த ஆப்ஷனைச் சேர்த்துவிட்டு மறந்துவிடுவதுதான் ஆபத்து. மூடிய நிரலை அசல் மைக்ரோசிப் சிப்பில் விற்பவருக்கு இதில் சிக்கலில்லை. மாட்டிக்கொள்வது திறந்த நிரல்காரர்தான். வேறொருவரின் ஜிபிஎல் நிரலை எடுத்து, இந்த லைப்ரரியோடு லிங்க் செய்து ஹெக்ஸை வெளியிட்டால் இரண்டு உரிமங்களும் மோதும். முழுக்க உங்கள் நிரலானால் நீங்களே ஒரு விலக்கு எழுதிச் சேர்க்கலாம். பிறர் நிரலுக்கு அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை.

பிக் தேவையே இல்லையா? எஸ்டிசிசியை மூலத்திலிருந்து கட்டும்போது, முதலில் ஓட்டும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டில் பிக்14, பிக்16 போர்ட் இரண்டையும் ‘டிசேபிள்’ செய்துவிடுங்கள். அந்த லைப்ரரிகளைக் கட்டும் நேரமும் மிச்சம்.