புது லேப்டாப்பில் கம்பெனி போட்டு அனுப்பும் குப்பை: ஒரு வருடம் கழித்து

புது லேப்டாப்பில் கம்பெனிக்காரர்கள் நிரப்பி அனுப்பும் சாஃப்ட்வேரை ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்துகொண்டு உட்காராதீர்கள், விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுங்கள். ஒரு வருடத்துக்கு மேலாக அப்படித்தான் ஓட்டுகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, பலரும் இதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள்.

நானும் முதலில் செட்டிங்ஸ் வழியாகத்தான் போனேன். ட்ரையல் ஆன்டிவைரஸ், கேம்கள், கம்பெனியின் 'உதவியாளர்' எல்லாம் போயின. ஆனால் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அந்த உதவியாளரின் சர்வீஸ் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது, டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் 'பயன்பாட்டுத் தகவல்' அனுப்ப ஒரு வேலை வேறு. அப்புறம் எதற்கு அந்த அன்இன்ஸ்டால் பட்டன்?

இது வெறும் பயமில்லை. 2014 கடைசியில் லெனோவோ தன் லேப்டாப்புகளில் ஏற்றிய சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர சாஃப்ட்வேர், விளம்பரம் செருகுவதற்காகத் தன் ரூட் சான்றிதழையே (எந்தத் தளம் அசல் என்று விண்டோஸ் நம்புவதற்கான அடிப்படை அத்தாட்சி) விண்டோஸுக்குள் வைத்தது. அந்தச் சான்றிதழின் ரகசியச் சாவியான பிரைவேட் கீ எல்லா லேப்டாப்பிலும் ஒன்றே, அதனால் அதைக் கண்டுபிடித்த எவனும் போலி வங்கித் தளத்தை அசல் போலக் காட்டலாம். புரோகிராமை நீக்கினாலும் சான்றிதழ் அங்கேயேதான் இருந்தது! 2017-ல் சில ஹெச்பி மாடல்களின் ஆடியோ டிரைவர், நாம் தட்டும் ஒவ்வொரு கீயையும் ஒரு லாக் ஃபைலில் எழுதி வைத்தது தெரியவந்தது. ஆடியோ டிரைவர்!

சரி, வழிக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும், விண்டோஸ் போடுவதற்கான பென்டிரைவைத் தயாரிக்கும் மீடியா கிரியேஷன் டூல், ஒரு 8 ஜிபி பென்டிரைவ், அவ்வளவுதான். விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் விண்டோஸின் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே இருக்கும், அதே எடிஷனை (ஹோம் அல்லது ப்ரோ) போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். வைஃபை டிரைவரை முன்பே பென்டிரைவில் எடுத்து வையுங்கள், இல்லையென்றால் நெட் கேட்கும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

இத்தனையும் செய்து நெட்டை இணைத்தால், எங்கள் டூலை இறக்கட்டுமா என்று கம்பெனியின் பாப்-அப் வந்து நிற்கிறது. விண்டோஸ் 8 முதலே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: பயாஸில் (மதர்போர்டிலேயே இருந்து லேப்டாப்பைத் துவக்கும் சாஃப்ட்வேர்) இருக்கும் ஒரு புரோகிராமை விண்டோஸ் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் எடுத்து ஓட்டும். சிஸ்டம்32 ஃபோல்டரில் 'டபிள்யூ-பி-பி-பின்' (wpbbin.exe) என்ற ஃபைல் இருந்தால் அதன் வேலைதான். ஹார்ட் டிஸ்கை எத்தனை தடவை துடைத்தாலும் போகாது. என் பயாஸில் இதை அணைக்க ஆப்ஷன் இருந்தது, எல்லா மாடலிலும் இருக்காது. பயாஸ் அப்டேட் செய்த பிறகு அது தானாகவே மறுபடி ஆன் ஆகியிருந்தது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் பெரிதாகக் கூடவில்லை, எஸ்எஸ்டி-யில் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஃபேன் சத்தம்தான் நன்றாகக் குறைந்திருக்கிறது. இழந்தது ஒன்று, பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி. அதற்காகக் கம்பெனி ஆப்பை மட்டும் ஸ்டோரிலிருந்து திரும்ப ஏற்றினேன். அப்டேட் வரும்போதெல்லாம் தகவல் அனுப்பட்டுமா என்று கேட்கிறது, நானும் சளைக்காமல் வேண்டாம் என்றே அழுத்துகிறேன்.