ஹனியாவா, ரோட்ஸா?

கிரேக்கத் தீவுகளில் பழைய துறைமுக நகரம் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், என் மனசு இரண்டு ஊருக்கு நடுவேதான் ஊசலாடும்: கிரீட் தீவின் ஹனியா, துருக்கிக் கரையை ஒட்டிய ரோட்ஸ். ஏதென்ஸிலிருந்து விமானத்தில் இரண்டுமே ஒரு மணி நேரம்தான். கப்பலில் போக ஆசைப்பட்டால் ஹனியாவே வசதி. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் இரவு ஏறினால் விடிகாலையில் ஹனியாவை அடுத்த சூடா துறைமுகத்தில் இறங்கிவிடலாம்.

கோட்டை பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரோட்ஸ். புனித யோவான் சபையின் வீரத்துறவிகள் 1309 முதல் 1522 வரை ஆண்ட ஊர். சுமார் 4 கிலோமீட்டர் மதில். அகழிக்குள் இறங்கியே நடக்கலாம். வீரர் தெருவில் கூழாங்கல் பதித்த சரிவு, இருபுறமும் அவர்கள் நாடுவாரியாகப் பிரிந்து தங்கிய விடுதிகள், சுவரில் கல்லில் செதுக்கிய குலச்சின்னங்கள். தெரு முடிவில் நிற்கும் சபைத் தலைவரின் மாளிகை மட்டும் 1856 வெடிமருந்து விபத்தில் சிதைந்து, பின்னாளில் இத்தாலியர் எழுப்பியது. பழசையே பார்க்க வேண்டுமென்றால் அருங்காட்சியகமாக இருக்கும் பழைய மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆனால் துறைமுகம் என்று வந்தால் என் ஓட்டு ஹனியாவுக்குத்தான். ரோட்ஸில் ஊர் மதிலுக்கு உள்ளே, கடல் வெளியே. ஹனியாவில் வீடுகள் தண்ணீரைச் சுற்றியே நிற்கின்றன. வெனிஸ்காரர்களின் கப்பல் பட்டறைகள், 1645இல் ஊரைப் பிடித்த ஒட்டோமானியர் கட்டிய குவிமாட மசூதி, 1830களில் எகிப்தியர் ஆட்சியில் திருத்திக் கட்டிய, மினார் (மசூதிக் கோபுரம்) சாயலுள்ள கலங்கரை விளக்கம், எல்லாம் ஒரே பார்வையில். துறைமுக வாயிலின் மறுபக்கமுள்ள ஃபிர்காஸ் கோட்டையிலிருந்து கலங்கரை விளக்கம் கைக்கெட்டும் தூரம்போல் தெரியும். போக வேண்டுமென்றால் துறைமுகத்தை முழுக்கச் சுற்றி அலைதடுப்புச் சுவர்மேல் நடக்க வேண்டும். வெயில் தாழ்ந்தபின் கிளம்புங்கள்.

கூட்டத்திலும் வித்தியாசம் உண்டு. ஹனியாவின் பழைய துறைமுகம் ஆழம் குறைந்தது, பெரிய சுற்றுலாக் கப்பல்கள் சூடாவோடு நின்றுவிடும். ரோட்ஸிலோ மதிலடியிலேயே வந்து நிற்கும்.

இரண்டு ஊரிலும் யூதர் தெருக்கள் 1944இல், நாஜிகள் கையில், வெறுமையாகின. ரோட்ஸில் 1577இல் கட்டிய காஹால் ஷாலோம், ஹனியாவில் எட்ஸ் ஹய்யீம். எந்த ஊருக்குப் போனாலும் இந்தத் தொழுகைக்கூடங்களைத் தவறவிடாதீர்கள்.

சைவக்காரர்களுக்குக் கிரீட் இன்னும் கொஞ்சம் தாராளம். பார்லி ரொட்டிமேல் துருவிய தக்காளி, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் விட்ட டாகோஸ் ஒன்று போதும், மதியம் ஓடிவிடும்.

ரோட்ஸ்தான் என்று முடிவெடுத்தால் மதிலுக்குள்ளேயே அறை எடுங்கள். கப்பல் பயணிகள் வந்து இறங்கும் முன், காலையிலேயே வீரர் தெருவை நடந்து முடித்துவிடலாம்.