கேப் டவுனிலிருந்து லிவிங்ஸ்டனுக்கு: நமீபியா வழியா, பொட்ஸ்வானா வழியா?

நான்கு நண்பர்கள், ஒரு பழைய கார், போகும் வழியில் ஒரு பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கித் தருவதற்கென்று தெரிந்தவர்களிடம் திரட்டிய பணம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் புறப்பட்டு, ஜாம்பியாவின் லிவிங்ஸ்டனில், விக்டோரியா அருவிக்குப் பக்கத்தில் பயணத்தை முடிக்க வேண்டும். வரைபடத்தை விரித்ததும் வாக்குவாதம் தொடங்கிவிடும்: மேற்கே நமீபியா வழியா, நடுவே பொட்ஸ்வானா வழியா?

நாள் குறைவு என்றால் பொட்ஸ்வானா. கேபோரோன், ஃபிரான்சிஸ்டவுன், நாட்டா என்று வழி நெடுகத் தார்ச்சாலை. சின்ன காரே தாங்கும். முன்பு, பொட்ஸ்வானாவிலிருந்து ஜாம்பியாவுக்குள் நுழையும் எல்லையான கசுங்குலாவில் ஜாம்பேசி ஆற்றைக் கடக்க மிதவைப் படகுதான்; லாரிகள் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். 2021இல் பாலம் வந்துவிட்டது. 923 மீட்டர் நீளம். பக்கத்திலேயே இருக்கும் ஜிம்பாப்வேயின் மண்ணைத் தொடாமல் வளைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இந்த வழியில் அச்சம் விலங்குகளால்தான். நாட்டாவிலிருந்து கசுங்குலா வரை சுமார் 300 கி.மீ. தூரத்தில் பெரும்பகுதி யானைகள் நடமாடும் காடு. தெற்கே கழுதையும் மாடும் சாலை நடுவில் அசையாமல் நிற்கும். பொழுது சாய்ந்த பிறகு ஓட்டவே கூடாது. கோமாரி நோய்த் தடுப்பு வேலிகளில் வண்டியை நிறுத்தி, பச்சை இறைச்சி இருந்தால் எடுத்துவிடுவார்கள். போட்டிருக்கும் செருப்போடு பெட்டியில் இருக்கும் ஷூக்களையும் இறக்கி, மருந்தில் நனைத்த விரிப்பில் மிதிக்கச் சொல்வார்கள்.

நமீபியா வழி சுற்று. ஆனால் நான்கு பேரும் மனம்விட்டுப் பேச அதைப் போல ஒரு சாலை கிடைக்காது. எல்லையில் ஓடும் ஆரஞ்சு ஆற்றைத் தாண்டினால் எதிரே வண்டி வருவதே அரிது. நாடு 8 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல், மக்கள் சுமார் 30 லட்சம்தான். நெடுஞ்சாலை தார்தான். சோசுஸ்ஃப்ளையின் செம்மணல் குன்றுகளைப் பார்க்கத் திரும்பினால் சரளைச் சாலை தொடங்குகிறது. தகரக் கூரை போல வரிவரியாக இருக்கும். காருக்குள் பல் கிட்டித்துப் போகும். அங்கே டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, 80க்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். வளைவில் சட்டென்று பிரேக் பிடித்தால் வண்டி உருளும். வெளிநாட்டுப் பயணிகளின் விபத்துகளில் பல இப்படித்தான் நேர்கின்றன. ஸ்டெப்னி இரண்டு வேண்டும். பெட்ரோல் பங்கைக் கண்டால், டேங்க் பாதி இருந்தாலும் நிரப்பிவிடுங்கள்.

இவ்வளவு சிரமம் இருந்தும் என் ஓட்டு நமீபியாவுக்குத்தான். காரணம் முருரானி வாயில். நாட்டின் வடக்கே, குரூட்ஃபொன்டைன், ருண்டு என்ற இரு ஊர்களுக்கு நடுவே வரும் கால்நடைச் சோதனைச் சாவடி அது. 1890களில், ஜெர்மானியர் ஆட்சியில், மாடுகளைக் கொன்று குவித்த வெக்கை நோயைத் தடுக்கப் போட்ட கோட்டின் வழி வந்த வேலி. அதற்குத் தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் தனியார் பண்ணைகள், கம்பி வேலி, ஆளரவமற்ற வெளி. வாயிலைத் தாண்டிய சில நிமிடங்களில் கூரை வீடுகள், வெள்ளாடுகள், தலையில் தண்ணீர்க் குடத்தோடு பெண்கள், சீருடையில் சாலையோரமாக நடந்து போகும் பிள்ளைகள். ஒரே நாடுதானா என்று நெஞ்சு கனத்துவிடும். அங்கிருந்து ஜாம்பிய எல்லையோரம் இருக்கும் கட்டிமா முலிலோ நகர் வரை 600 கி.மீ.க்கு மேல், ப்வாப்வாட்டா காட்டுப் பகுதியிலும்கூட, சாலையை ஒட்டி ஊர்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

பொட்ஸ்வானாவின் கிழக்குச் சாலையிலும் ஊர்கள் நிறைய உண்டு. ஆனால் வைர வருமானம் கண்ட நாடு அது. நம் சிறிய தொகை வடக்கு நமீபியாவில் இன்னும் ஆழமாகப் போய்ச் சேரும் என்றே நம்புகிறேன்.

காலணிகளைக் கேப் டவுனில் வாங்கி ஏற்றிச் செல்லாதீர்கள். எல்லையில் வரிக் கணக்கு கேட்பார்கள், காரில் இடமும் போய்விடும். தென்னாப்பிரிக்க ராண்ட் நமீபியக் கடைகளில் அப்படியே செல்லும். முன்கூட்டியே அந்தப் பகுதிப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியரிடம் பேசி, ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து தரச் சொல்லுங்கள். அந்தத் தாள்களோடு ருண்டு கடைத்தெருவுக்குப் போய், ஒரு விரல் அளவு பெரிதாகப் பார்த்து வாங்குங்கள், பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.