ஸ்லோவேனியாவா, குரோஷியாவா? பத்து நாள் விடுமுறைக்கு ஒரு மதிப்பீடு

ஆட்ரியாட்டிக் கடலோரத்தில் அடுத்தடுத்து இருக்கும் ஸ்லோவேனியா, குரோஷியா ஆகிய இரண்டு நாடுகளில் பத்து நாள் விடுமுறைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று பலர் குழம்புகிறார்கள். இரண்டிலும் தங்கிப் பார்த்தவன் என்ற முறையில், முதல் பயணத்துக்கு ஸ்லோவேனியாவையே நான் பரிந்துரைப்பேன். அழகில் குரோஷியா எந்த வகையிலும் குறைந்ததில்லை. ஆனால் அந்த நாட்டின் நீளம் பத்து நாளுக்குள் அடங்குவதில்லை.

பிறை போல வளைந்து கிடக்கும் குரோஷியாவில், தலைநகர் ஜாக்ரெப்பிலிருந்து தெற்கு முனையிலுள்ள டுப்ரோவ்னிக்குக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 600 கி.மீ. போக வேண்டும்; டுப்ரோவ்னிக்குக்கு ரயில் கிடையாது. 2022இல் பெலியெஷாட்ஸ் பாலம் திறக்கப்பட்ட பிறகு, வழியில் போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியேறும் சிரமம் தீர்ந்துவிட்டது என்றாலும் தூரம் தூரம்தான். ஸ்பிளிட், ஹ்வார் தீவு, டுப்ரோவ்னிக் என்று அறைகளை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால், பிறகு வானிலை எப்படி இருந்தாலும் அந்த வரிசைப்படிதான் நகர்ந்தாக வேண்டும். மலையிலிருந்து கடலை நோக்கிப் பாயும் ‘புரா’ என்ற கடுங்காற்று எழுந்தால் படகுச் சேவையும் நின்றுவிடக்கூடும்.

ஸ்லோவேனியாவின் மொத்தப் பரப்பே சுமார் 20,000 சதுர கி.மீ.தான். நடுவிலிருக்கும் தலைநகர் லியுப்லியானாவில் ஓர் அறை எடுத்துக்கொண்டால் பிளெட் ஏரி 55 கி.மீ., போஸ்தோய்னா குகை 50 கி.மீ., கடற்கரை ஊரான பிரான் சுமார் 120 கி.மீ. காலையில் சன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டு அன்றைய திட்டத்தை முடிவு செய்யலாம்: வெயில் என்றால் மலை, மழை என்றால் குகை. ஜூலியன் ஆல்ப்ஸ் மலைகளில் மழை அடிக்கடி பெய்யும் என்பதால் இந்த வசதியை நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன். போஸ்தோய்னா குகைக்குள் 1872 முதலே ரயில் ஓடுகிறது. உள்ளே எக்காலத்திலும் ஏறத்தாழ 10 டிகிரி குளிர்தான் என்பதால் கோடையிலும் கம்பளிச் சட்டை அவசியம். கூட்டம் பிடிக்காதவர்கள், ரேகா ஆறு ஆழத்தில் இரைந்து ஓடும் ஷ்கோட்சியான் குகைக்குச் செல்லலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் தேர்வு இதுதான்.

பிளெட் ஏரியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். படகோட்டி நின்றபடியே இரு துடுப்புகளையும் வலிக்கும் ‘பிளெட்னா’ படகில் தீவுக்குப் போய், 99 படிகள் ஏறித் தேவாலய மணியை அடிப்பது இனிமையான அனுபவம்தான் என்றாலும், பகலில் அங்கே நெரிசல் அதிகம். அங்கிருந்து சுமார் அரை மணி நேரப் பயணத்தில் வரும் போஹின் ஏரியைத்தான் நான் மனதார விரும்பினேன். அதிகாலையில் மூடுபனி நீர்மட்டத்தை ஒட்டி நகர, கரையோரக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போல நீர் தெளிந்திருந்தது. அங்கேயே ஓர் இரவு தங்குவது நல்லது.

குரோஷியாவில் நான் எவருக்கும் விட்டுக்கொடுக்காத இடம் பிளிட்விட்ஸே. சுண்ணாம்பு கரைந்த நீர் பாசியின் மேல் வழியும்போது அந்தச் சுண்ணாம்பு படிந்து படிந்து கல்லாகி, அந்தக் கல்லே அணையாகி, ஒன்றன்கீழ் ஒன்றாக 16 ஏரிகளைத் தேக்கி வைத்திருக்கிறது. மரப்பலகைப் பாதையில் குனிந்து பார்த்தேன். நீருக்கடியில் விழுந்து கிடந்த மரம் கிளை நுனி வரை வெண்மை பூசிக் கிடக்க, அதன் மேல் நின்ற மீன்களின் நிழல் அடித்தரையில் தனியாக அசைந்தது. இங்கே நீந்த அனுமதியில்லை. கோடையில் காலை முதல் நுழைவு நேரத்துக்கே சீட்டு வாங்கிவிட வேண்டும்.

செலவு விஷயத்தில், 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவும் யூரோவுக்கும் ஷெங்கன் வட்டத்துக்கும் வந்துவிட்டதால் நாணயம் மாற்றும் வேலையில்லை. இரண்டு நாடுகளுக்கும் ஒரே விசா போதும். கோடையில் டுப்ரோவ்னிக்கில் அறை வாடகை மிக அதிகம். கார் எடுப்பவர்கள் ஸ்லோவேனிய நெடுஞ்சாலைக்கு விக்னெட் என்ற மின்னணு அனுமதி வாங்க வேண்டும்; குரோஷியாவில் தூரத்துக்கேற்பச் சுங்கம் கட்ட வேண்டும். ஒரு நாட்டில் எடுத்த காரை மறு நாட்டில் விட்டதற்காக, முன்பதிவின்போது தெளிவாகச் சொல்லாத பெருந்தொகையை ஒரு வாடகை நிறுவனம் என்னிடம் வசூலித்தது. இந்தக் கட்டணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் செலுத்துங்கள்.

ஆகவே, எட்டு நாள் ஸ்லோவேனியாவில் கழித்துவிட்டு, சாவா ஆற்றை ஒட்டிச் செல்லும் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் ஜாக்ரெப் சேர்ந்து, அங்கிருந்து பேருந்தில் பிளிட்விட்ஸே பார்த்துத் திரும்புவது நான் சொல்லும் திட்டம். ஆனால் கடலில் குளிப்பதற்கென்றே விடுமுறை எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது, ஏனெனில் ஸ்லோவேனியாவின் கடற்கரை 50 கி.மீ. கூட இல்லை. அவர்கள் ஜாக்ரெப்பைத் தொடாமல் நேரே ஸ்பிளிட்டில் இறங்கி, ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கட்டிய அரண்மனைக்குள் இன்றும் மக்கள் குடியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு தீவில் நான்கு நாள் தங்கி, டுப்ரோவ்னிக்கில் விமானம் ஏறலாம். கரையெல்லாம் பெரும்பாலும் கூழாங்கல் என்பதால் நீரில் அணியும் காலணி வேண்டும். செப்டம்பரில் போனால் கூட்டம் குறைந்திருக்கும், கடலின் வெதுவெதுப்பும் மாறியிருக்காது.