மருதானை பழைய புத்தகக் கடை: சமய வரலாறு தேடுற ஆக்களுக்கு

கொழும்பு டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில இருக்கிற பழைய புத்தகக் கடையள்ல ஒண்டில மார்ட்டின் லூத்தர்ட புரட்டஸ்தாந்து வழியில வந்த லூத்தரன் போதகர் ஒசியாண்டரைப் பற்றின புத்தகம் கிடைச்சுது, அட்டை கழண்டு ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கு ஆனா உள்ள ஒரு பக்கமும் குறையேல்ல.

என்ன ஒரு வாழ்க்கை! 1522ல ஜெர்மனியில நியூரம்பேர்க்ல பிரசங்கியா வந்தவர், 1543ல பூமிதான் சூரியனைச் சுத்துது எண்டு சொன்ன கொப்பர்நிக்கஸ்ட நூலுக்குப் பேர் போடாம முன்னுரை எழுதினதும் இவர்தான், பிறகு 1548ல பேரரசர் திணிச்ச சமய ஏற்பாட்டுக்கு இணங்காம ஊரை விட்டே வெளிக்கிட்டு பிரஷ்யாவில இருந்த கோனிக்ஸ்பேர்க் போயிட்டார். அங்கதான் பெரிய சண்டை. கடவுள் எங்களை நீதிமான் எண்டு அறிவிக்கிறது மட்டும் காணாது, கிறிஸ்துவின்ட தெய்வீக நீதியே எங்களுக்குள்ள குடியிருக்கோணும் எண்டு இவர் சொல்ல, தங்களுக்குள்ள எப்பவும் அடிபடுற லூத்தரன் இறையியலாளர் மெலாங்தனும் ஃபிளாசியஸும் கூட இதை ஒரேயடியா எதிர்த்தவை. 1552ல இவர் செத்தும் முடியேல்ல, இவற்ற பக்கம் நிண்ட, இவற்ற மகளைக் கட்டின மருமகன் ஃபுங்க்கை 1566ல தலையை வெட்டினவை, அதை வாசிக்க மனசு கனத்துப் போச்சு.

கடைக்கார அண்ணா நல்ல மனுசன், விலை குறைச்சுத் தந்தார். கார்ட் எடுக்கமாட்டார், காசு கொண்டு போங்கோ. சமயப் புத்தகங்கள் பின்பக்கம் கீழ்த்தட்டில, கேட்டா எடுத்துத் தருவார்.