ஈ-கடரினா, எப்கேமா? வாய்ப்புற்று ஆய்வுக்கு எதை எடுப்பது

புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் கொழுந்துக்குப் போகும் அக்காமாரின் மடியில் வெற்றிலைப் பொட்டலம் இன்னமும் இருக்கிறது. அந்த லயங்களிலிருந்து பேராதனைக்கு வந்த பிள்ளைகள் வாய்ப்புற்றை ஆய்வுத் தலைப்பாக எடுத்தால் முதலில் முட்டும் கேள்வி இது: கலங்களை ஒட்டவைக்கும் புரதங்களில் எதைச் சாயமிடுவது?

ஈ-கடரின், எப்கேம் என்ற இரு புரதங்களும் உடலின் பரப்புகளை மூடும் மேலணிக் கலங்களைப் பிணைப்பவைதான். சுபாவம்தான் வேறு. ஈ-கடரினுக்குக் கல்சியம் வேண்டும். ஜப்பானில் மசதோஷி தகெய்ச்சி 1970களில் கண்டுபிடித்தது இதைத்தான்: கல்சியம் இருக்கும்வரை புரதத்தை வெட்டும் திரிப்சின் நொதியத்தை ஊற்றினாலும் அந்தப் பிடி அறுபடாது; கல்சியத்தை எடுத்துவிட்டால் நொதியம் அதை வெட்டிவிடும். எப்கேமுக்குக் கல்சியம் தேவையில்லை, பிடியும் தளர்வு. 1979இல் பெருங்குடல் புற்றுக் கலங்களின் மேல் கண்ட உடலெதிரியாக்கியாகத்தான் (பிறபொருளெதிரி ஒட்டும் இலக்காகத்தான்) அது அறிமுகமானது.

வாய்க்குள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. நோயில்லாத வாயின் செதில் மேலணியில் ஈ-கடரின் நிறைய உண்டு, எப்கேம் அநேகமாக இல்லை. புற்று வந்தபின் பல கட்டிகளில் எப்கேம் தலைகாட்டும், ஈ-கடரின் குறையும். இருந்தது குறைவதைவிட இல்லாதது தோன்றுவதைப் பார்ப்பது இலகு என்று எப்கேம் பக்கம் சாய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

காரணம் ஸ்லைட்டிலேயே இருக்கிறது. இழையத்தைப் பரபின் மெழுகில் பதித்த கட்டியிலிருந்து சீவிய துண்டின் ஓரத்தில் கொஞ்சம் நல்ல மேலணி வந்திருந்தால், அங்கே ஈ-கடரின் ஒவ்வொரு கலத்தின் விளிம்பிலும் தேன்கூட்டு வலை போலக் கபிலக் கோடாக விழும். அது தெளிவாக இருந்தால் சாயம் வேலை செய்திருக்கிறது. அதே துண்டில் பக்கத்திலேயே கோடு அழிந்திருந்தால் அது புற்றின் வேலை. எப்கேமுக்கு இந்த வசதி கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்கப் பெருங்குடல் இழையத்தை வேறாக ஓட்ட வேண்டும். இனி, புற்றுக்கட்டி தசைக்குள் இறங்கும் முனைக்கு நுணுக்குக்காட்டியை நகர்த்துங்கள். கலங்கள் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து கிடக்கும் இடத்தில் கோடு விட்டுவிட்டுத் தெரியும், கபிலம் கலத்தின் உள்ளே, குழியவுருவில் மங்கலாகக் கலைந்திருக்கும். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் குறித்தால் இதெல்லாம் தவறிப்போகும்; எங்கே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

ஈ-கடரினுக்கும் குறை உண்டு. மேலோட்டமாகக் கிள்ளியெடுத்த துண்டில் அந்த முனையே இருக்காது. நிணநீர்க் கணுவுக்குப் போய்ச் சேர்ந்த கலங்களில் அது மறுபடி தோன்றவும் கூடும்.

எப்கேமின் களம் இரத்தம். வெள்ளணுக்களில் அது இல்லாததால், எப்கேமில் மட்டும் ஒட்டும் புரதமான பிறபொருளெதிரியைக் காந்தத் துகளில் பூசி, இரத்தத்தில் அலையும் புற்றுக் கலங்களை இழுத்தெடுக்கலாம். 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செல்சேர்ச் என்ற இரத்தச் சோதனை அப்படித்தான் இயங்குகிறது. ஆனாலும் மேலணித் தன்மையை விட்டு உருமாறிய கலங்கள் எப்கேமையும் இழந்து அந்தக் காந்தத்துக்குத் தப்பிவிடுகின்றன. பரபின் கட்டிகளை மட்டுமே நம்பியிருக்கும் மாணவருக்கு நான் ஈ-கடரினைத்தான் சொல்வேன். கையில் இன்னொரு பிறபொருளெதிரிக்குக் காசிருந்தால் அடுத்த துண்டை அதே கடரின் குடும்பத்து என்-கடரினுக்குக் கொடுங்கள்; ஈ-கடரின் போன முனையில் அது வந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.