பாக்சிங் பேடில் வாங்கலாமா? செங்கோட்டையிலிருந்து ஒரு கோச் எழுதுவது

செங்கோட்டையில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு பாக்சிங் சொல்லிக்கொடுக்கிறேன், புளியரை, ஆரியங்காவு, புனலூர் பக்கமிருந்தும் வருகிறார்கள். அமெச்சூர் போட்டியில் பெரியவர்களுக்கு 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு. அந்தக் கணக்கில் ஒருத்தர் மாற்றி ஒருத்தருக்கு மிட்ஸ் (குத்து வாங்க உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் பேட்) பிடித்துப் பாருங்கள், தோள்பட்டை கழன்றுவிடும். அதனால்தான் கொல்லத்தில் ஒரு கடையில் பேடில் ஒரு ஜோடி வாங்கினேன். இப்போது அது இல்லாமல் வகுப்பு இல்லை.

நீளக் கைப்பிடி, அதன் முனையில் ஃபோம் அடைத்த தட்டையான தலை, மேலே ரெக்சின், அவ்வளவுதான் பொருள். மிட்ஸில் குத்து நேராக உள்ளங்கையில் இறங்கும், முழங்கைவரை அதிரும். பேடிலில் அந்த அதிர்ச்சி பெரும்பாலும் கைக்கு வருவதில்லை. ஆனால் முழு பலத்தோடு குத்தினால் கைப்பிடி சுழன்று பிடிக்கிறவரின் மணிக்கட்டைத் திருகிவிடும், ஆகவே பவருக்கு மிட்ஸும் தொங்கவிட்ட குத்துப் பையும்தான், இதில் வேகமும் குறியும் மட்டும்.

இதன் உண்மையான பலம் டிஃபென்ஸில் இருக்கிறது. எதிராளி நிற்கிற தூரத்திலேயே நின்றுகொண்டு தலைக்கு மேல் ஒரு ஹுக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) வீசலாம், பிள்ளை குனிந்து வெளியே வரும்போது அடுத்த பேடிலைக் குத்தக் காட்டலாம். க்ளவுஸ் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளைகூட இதற்கு மிரள்வதில்லை. புனலூரிலிருந்து வரும் ஒரு பெண், கே.சி. லேகாவின் படத்தை (2006இல் 75 கிலோவில் உலக சாம்பியன் ஆன கண்ணூர்க்காரர்) போனில் வைத்திருப்பவள், ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) போடும்போதெல்லாம் வலது கையைக் கீழே விட்டுவிடுவாள். வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்தாயிற்று, மாறவில்லை. கை இறங்குகிற நேரத்தில் பேடிலால் கன்னத்தை மெதுவாகத் தொட ஆரம்பித்தேன், கொஞ்ச நாளில் க்ளவுஸ் தானாகவே தாடையில் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு அன்று பெரிய சந்தோஷம்.

சத்தமும் ஒரு வாத்தியார்தான். நடுவில் பட்டால் 'பட்'டென்று வெடிக்கும், ஓரத்தில் பட்டால் சொத்தென்று கேட்கும், பிள்ளைக்கே புரிந்துவிடும்.

பிடிக்கிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிராளியின் முகம் எங்கே இருக்குமோ அங்கேதான் பேடில் இருக்கணும், அகலமாக விரித்துப் பிடித்தால் பிள்ளை காற்றைக் குத்தப் பழகிவிடும். குத்து வரும்போது பின்னால் இழுக்கவும் கூடாது, குறி தப்பினால் பிள்ளையின் முழங்கை வெட்டி இழுக்கும். லேசாக எதிரே கொடுத்து வாங்குங்கள்.

குறை என்றால் தலையும் கைப்பிடியும் சேரும் கழுத்துப் பகுதித் தையல். என்னுடையதில் ஒன்று பிரிந்து, செருப்பு தைப்பவரிடம் நைலான் நூலில் தைத்து வாங்கினேன். சாரல் காலத்தில் வியர்வை காயாமல் நாறும், வெயிலில் போட்டால் ரெக்சின் வெடிக்கும், ஃபேன் காற்றுதான் சரி. வாங்கும்போது தலையைப் பிடித்துக் கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அந்த ஜோடி வேண்டாம். புதுப் பிள்ளைகள் அதிகம் என்றால் அகலத் தலை உள்ளதாகக் கேளுங்கள்.